பின்கதையும் க்ளாஸும்: ரெண்டையும் ஒரே ஆளாக்குவது எப்படி

டிஎன்டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) என்று மேஜையில் டைஸ் உருட்டி, ஆளுக்கொரு கதாபாத்திரமாகக் கதை நடத்தும் ஆட்டம் ஒன்று உண்டு. அதில் லெவல் 1 விசார்டுக்கு (மந்திரவாதிக்கு) கான்ஸ்டிட்யூஷன் (உடல் தாங்கும் வலு) 12 என்றால் மொத்த ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) 7. வளைந்த கத்தியோடு ஒரே ஒரு காப்ளின் (குட்டிப் பூதம்) எதிரே வந்து, டிஎம் (ஆட்டத்தை நடத்துகிறவர்) உருட்டும் டைஸில் 20 விழுந்துவிட்டால் சராசரியாக 9 போகும். ஆள் முதல் சண்டையின் முதல் சுற்றிலேயே தரையில். இப்படிப்பட்ட ஆளுக்குத்தான் பலர் நாலு பக்கப் பின்கதை எழுதிக்கொண்டு வருகிறார்கள்: பதினாறு வயதில் டிராகனைக் கொன்றான், பதினெட்டில் ஒரு படையை நடத்தினான், இப்போது எல்லாவற்றையும் விட்டுவிட்டு அமைதியைத் தேடி அலைகிறான். சரி, டிராகனைக் கொன்றவன் காப்ளினிடம் ஏன் விழுந்தான் என்று மேஜையில் யாராவது கேட்டால் பதில் இல்லை. இதற்கு நேர் எதிர்க் கோஷ்டியும் உண்டு. "பேரு காளி, ஃபைட்டர், அப்பா அம்மா இல்ல" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கிறவர்கள்.

பார்க்க எதிரெதிராக இருந்தாலும் இரண்டு கோஷ்டியும் செய்வது ஒன்றுதான். க்ளாஸை (விசார்ட், ஃபைட்டர் என்று ஆள் எந்த வகை என்பதை) விதிப்புத்தகத்திலிருந்து எடுத்து ஆளின் விவரத்தாளில் ஒரு மூலையில் எழுதிவிடுகிறார்கள், பின்கதையைத் தனியாக எங்கேயோ யோசிக்கிறார்கள் (அல்லது யோசிப்பதே இல்லை), இரண்டும் ஆட்டம் முடியும்வரை ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே கிடையாது. என்னைக் கேட்டால் இரண்டுக்கும் உள்ள உறவு ரொம்ப எளிது. பின்கதை அந்த ஆளுக்கு வந்த சிக்கலைச் சொல்கிறது. க்ளாஸ், அந்தச் சிக்கலில் அவர் பிடித்துக்கொண்ட வழி. ஒரே சிக்கலுக்கு ஒருத்தி கத்தியை எடுப்பாள், இன்னொருத்தி சாமியிடம் போவாள், மூன்றாமவள் பெயர்கூடத் தெரியாத ஏதோ ஒன்றிடம் கையேந்துவாள். இந்தக் கொக்கி மாட்டிவிட்டால் மீதி எழுதுவது அரைமணி நேர வேலை.

நான் அதிகம் ஆடுவதும் நடத்துவதும் டிஎன்டி என்பதால் உதாரணமெல்லாம் அதிலிருந்தே வரும். வேறு ஆட்டங்களைப் பற்றிக் கடைசிப் பக்கம் கொஞ்சம் சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் பழைய கதை, சுருக்கமாக. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னஸனும் டிஎன்டியை வெளியிட்டபோது இருந்த க்ளாஸ் மூன்றே மூன்று: ஃபைட்டிங் மேன், மேஜிக் யூசர், க்ளெரிக் (சாமியிடமிருந்து சக்தி பெறுகிறவர்). திருடனுக்கென்று ஒரு க்ளாஸ் 1975-இல் வந்த கிரேஹாக் இணைப்பில்தான் சேர்ந்தது. பொம்மைப் படைகளை மேஜையில் நகர்த்தி ஆடிய போர் விளையாட்டிலிருந்து கிளைத்த ஆட்டம் அது, அதனால் உங்கள் ஆள் என்ன செய்ய முடியும் என்பதுதான் கேள்வி, எங்கிருந்து வந்தான் என்பது இல்லை. லெவல் 5 வரை உயிரோடு இருந்தால் அதற்குள் நடந்ததே அவனுடைய கதை. 1978-இல் வந்த அட்வான்ஸ்ட் பதிப்பில் பாலடின் (புனித வீரன்) ஆக வேண்டுமென்றால் லாஃபுல் குட் (நெறி தவறாத நல்லவன்) ஆக மட்டுமே இருக்க முடியும், தெரிந்தே ஒரு தீய காரியம் செய்தால் பாலடின் என்கிற தகுதியே போய்விடும். அதாவது க்ளாஸே ஆளின் குணத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டது. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு இதைப் பிரித்தது: 12 க்ளாஸ் தனி, 13 பேக்கிரவுண்ட் (ஆளின் பழைய வாழ்க்கை அல்லது தொழில்) தனி, எதை எதோடு வேண்டுமானாலும் சேர்க்கலாம். பிரித்துக் கொடுத்தது நல்லதுதான். ஆனால் சேர்த்துத் தைக்கிற வேலை அப்போதிலிருந்து ஆடுகிறவர் தலையில் விழுந்துவிட்டது, அதைச் சரியாகச் சொல்லித்தர ஆள் இல்லை.

என் மேஜையைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் கீழே வருகிற ஆட்களெல்லாம் அங்கிருந்துதான். நாங்கள் ஆடுவது 1914-ஆம் வருஷத்து மதராஸில். அந்த வருஷம் செப்டம்பர் 22-ஆம் தேதி ராத்திரி எம்டன் என்கிற ஜெர்மன் போர்க்கப்பல் கடலிலிருந்து குண்டு போட்டு, துறைமுகத்துப் பக்கம் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன, ஊரில் பாதிப் பேர் மூட்டை கட்டினார்கள். ஹைகோர்ட் வளாகத்துச் சுவரில் அதற்கு ஒரு கல்வெட்டுகூட இருக்கிறது. இதோடு மந்திரமும் பூதமும் சேர்த்தால் எங்கள் ஆட்டம். ஐரோப்பியக் கோட்டையும் பனிமலையும் வைத்து ஆடினால் தப்பில்லை, ஆனால் தண்டையார்பேட்டையில் வளர்ந்தவருக்குப் பனிமலைக் கிராமத்தில் ஒரு சித்தப்பாவைக் கற்பனை செய்யச் சொன்னால் அந்தச் சித்தப்பா அட்டைப் பொம்மையாகத்தான் வருவார். தெரிந்த ஊரில் வைத்தால் சித்தப்பா எந்தத் தெருவில் இருக்கிறார், யாரிடம் எவ்வளவு கடன் என்பதுவரை தானாக வரும்.

க்ளாஸ் பக்கத்தைக் கேள்வித்தாளாகப் படியுங்கள்

க்ளாஸை ஏற்கனவே முடிவு செய்துவிட்டீர்கள் என்றால் இதுதான் உங்களுக்கு. பெரும்பாலானவர்கள் அப்படித்தான், "எனக்கு ரோக் ஆடணும்" என்றுதான் வருகிறார்கள், அதில் ஒன்றும் குறையில்லை. விதிப்புத்தகத்தில் உங்கள் க்ளாஸின் லெவல் 1 பகுதியைத் திறந்து, அதில் உங்களுக்குக் கிடைப்பதாக எழுதியிருக்கிற ஒவ்வொரு வரியையும் எடுத்துக்கொண்டு, இது இவனுக்கு எப்படி வந்தது என்று கேளுங்கள். எல்லா வரிக்கும் பதில் வேண்டியதில்லை, ஆனால் எந்த வரி வினோதமாக இருக்கிறதோ அதற்குக் கட்டாயம் வேண்டும்.

ரோக் என்றால் பூட்டுத் திறக்கும் கருவிகளில் பழக்கம் வரும், திருடர்களுக்குள் பேசிக்கொள்ளும் ரகசியப் பேச்சும் வரும். எங்கள் மேஜையில் ஒருவரிடம் நான் கேட்டது இப்படித்தான் போனது:

"மச்சி, உன் ஆளுக்குப் பூட்டு திறக்க யாரு சொல்லிக் கொடுத்தா?"

"அவனா கத்துக்கிட்டான்டா."

"எப்படி?"

"யூடியூப்ல."

"1914டா."

"சரி சரி. பாரிஸ் கார்னர்ல பத்திரம் எழுதுற ஒருத்தர்கிட்ட வேலைக்கு இருந்தான். அவர் கள்ளப் பத்திரம் போடுறவர். ராத்திரில ஆபீஸ் அலமாரியைத் திறந்து முத்திரை எடுத்துட்டு வரது இவன் வேலை."

"அந்த ஆளு இப்ப எங்க?"

"உயிரோடதான் இருக்காரு. என்னைத் தேடிட்டு இருக்காரு."

முடிந்தது. ரோக் என்றால் கறுப்புத் துணி போர்த்திக்கொண்டு ஓட்டின் மேல் குதிக்கிறவன் என்கிற படம் போய், மைக்கறை படிந்த விரலோடு ஒரு குமாஸ்தா வந்துவிட்டான். பூட்டும் வந்தது, ரகசியப் பேச்சும் வந்தது (கள்ளப் பத்திரக்காரர்களுக்குள் பேசிக்கொள்வது), எனக்கு ஒரு வில்லனும் இலவசமாகக் கிடைத்தார்.

விசார்டுக்கு இதைவிட நல்ல வரி ஒன்று இருக்கிறது: ஆறு மந்திரங்கள் எழுதிய ஒரு மந்திரப் புத்தகத்தோடு ஆரம்பிக்கிறார். அந்தப் புத்தகம் யாருடையது? புத்தகமாகத்தான் இருக்க வேண்டுமா? எங்கள் மதராஸில் ஒரு விசார்டிடம் இருப்பது ஓலைச்சுவடிக் கட்டு. 1900-இல் திறந்த மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடைக்காரர் விலை தெரியாமல் விற்றது என்று ஒரு விதமாக எழுதலாம், அடையாறு தியசாபிகல் சொசைட்டி நூலகத்தில் சுவடிகளைப் பிரதி எடுக்கிற வேலையில் இருந்தவள், எடுக்கக் கூடாத ஒன்றை எடுத்தாள் என்றும் எழுதலாம். முதல் ஆளிடம் அதிர்ஷ்டம் இருக்கிறது, இரண்டாமவளிடம் குற்றம் இருக்கிறது, நான் எப்போதும் இரண்டாமவளைத்தான் எடுப்பேன். புது மந்திரம் கிடைத்தால் அதன் லெவல் ஒவ்வொன்றுக்கும் 2 மணி நேரமும் 50 பொற்காசும் செலவழித்துப் பிரதி எடுக்க வேண்டும் என்பது விதி. எழுத்தாணியோடு உட்கார்ந்து கீறிக்கொண்டிருக்கிற பெண்ணுக்கு அந்த விதி கதையாகவே மாறிவிடுகிறது, கணக்காக உறுத்துவதில்லை.

ரேஞ்சர், அதாவது காடு மேடு தெரிந்த வேட்டைக்காரர், (2014 விதிப்படி) லெவல் 1-லேயே ஒரு பரம எதிரி வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பேய் பிசாசா, ராட்சத ஜந்துக்களா, எது? ஏன் அது? இதில் பாதிப் பின்கதை தானாக எழுதிவிடும். ட்ரூயிட்களுக்கு (இயற்கையிலிருந்து சக்தி பெறுகிறவர்களுக்கு) என்று ஒரு ரகசிய மொழி உண்டு, அதை வெளியாளுக்குச் சொல்லித்தருவதில்லை, அப்படியென்றால் உங்களைச் சேர்த்துக்கொண்டவர் யார், எதைப் பார்த்துச் சேர்த்தார்? ஃபைட்டருக்கு எல்லாக் கவசமும் போடத் தெரியும், ஆனால் இரும்புக் கவசத்தை யாரும் வீட்டு அட்டத்தில் கண்டெடுப்பதில்லை. கோபம் தலைக்கேறிச் சண்டை போடுகிற பார்பேரியனிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: முதல்முறை கோபம் கண்ணை மறைத்தபோது எதிரே நின்றது யார்?

சார்சரரைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, சக்தி ரத்தத்திலேயே வருகிறது, ஆகவே குடும்பத்தைப் பற்றி எழுதுங்கள், குடும்பத்தில் யாருக்கு இது தெரியும், யாருக்குத் தெரியாது என்பதை மட்டும் எழுதினால் போதும்.

வார்லாக் வேறு விஷயம். பின்கதைக்கு இதைவிடத் தோதான க்ளாஸ் கிடையாது, ஆனால் பலரும் வீணடிப்பதும் இதைத்தான். "ஒரு பெரிய சக்தியோடு ஒப்பந்தம் போட்டான்" என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். வார்லாக் என்பவன் கந்துவட்டிக்கு வாங்கியவன். வாங்கினவனைப் பற்றி நமக்குத் தெரிய வேண்டியது நாலு விஷயம்: அவசரம் என்ன, எவ்வளவு வாங்கினான், வட்டி எவ்வளவு, கட்டாவிட்டால் வீட்டு வாசலில் வந்து நிற்பது யார். கூடவே, பக்கத்தில் யாரும் கொடுக்காமல் இவனிடம் போகும்படி ஏன் ஆனது. இதில் வட்டிக் கேள்விக்குப் பதில் எழுதாமல் வருகிற வார்லாக்கை நான் மேஜையில் சேர்ப்பதில்லை. கொஞ்சம் கறார்தான், ஆனால் வட்டி இல்லாத ஒப்பந்தம் என்றால் அவன் வெறும் ஸ்காலர்ஷிப் வாங்கின பையன்.

ஒரே பெண், நாலு க்ளாஸ்

இப்போது மறுபக்கம். பின்கதை மனசில் இருக்கிறது, க்ளாஸ்தான் தெரியவில்லை. இது புதிதாக வருகிறவர்களிடம், அதுவும் நிறையக் கதை படிக்கிறவர்களிடம், அடிக்கடி நடக்கும்.

ரோசி என்று ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். ராயபுரம், படகுக்காரக் குடும்பம். துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் மதராஸில் கப்பல் கரைக்கு வர முடியாது, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தது மசூலா படகுக்காரர்கள்தான். துறைமுகம் வந்ததும் அந்தப் பிழைப்பு படுத்துவிட்டது. அவள் அப்பா குடிக்க ஆரம்பித்தார், அண்ணன் கட்டுமரத்தில் மீன்பிடிக்கப் போனான். எம்டன் குண்டு போட்ட ராத்திரி அவன் கடலில் இருந்தான், திரும்பவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை.

இதுதான் சிக்கல். இனி ரோசி என்ன செய்தாள் என்பதுதான் க்ளாஸ்.

தேடினாள் என்றால் ரேஞ்சர். எண்ணூரிலிருந்து கோவளம்வரை கரையோரம் நடந்தே தேடினாள், எந்த நீரோட்டம் எதை எங்கே கொண்டுவந்து ஒதுக்கும் என்று தெரிந்துகொண்டாள், தேடுகிற வழியில் மனிதன் இல்லாத சில காலடித் தடங்களையும் பார்த்தாள். 2014 ரேஞ்சருக்குப் பழகிய நிலப்பரப்பு ஒன்றை எடுக்க வேண்டும், பட்டியலில் கடற்கரை இருக்கிறது, அதோடு பொருந்திவிட்டது.

பேரம் பேசினாள் என்றால் வார்லாக். மூன்றாம் நாள் ராத்திரி கழுத்தளவு தண்ணீரில் நின்று, அவனைத் திருப்பிக் கொடு, என்ன வேணாலும் தரேன் என்றாள், தண்ணீருக்குள்ளிருந்து ஏதோ ஒன்று "சரி" என்றது. 2020-இல் வந்த துணைப் புத்தகம் ஒன்றில் ஆழ்கடல் ஜந்துவைப் புரவலராக வைக்கிற ஃபாதம்லெஸ் என்கிற வகை இருக்கிறது, இவளுக்கென்றே செய்தது மாதிரி. அண்ணன் திரும்பி வந்தானா? வந்தான் என்று வையுங்கள். இப்போது வீட்டில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறவன் அண்ணன்தானா என்று அவளுக்கே சந்தேகம். டிஎம் ஆக இருக்கிற எனக்கு இதைப் பார்த்தால் வாயில் எச்சில் ஊறும்.

வேண்டிக்கொண்டாள் என்றால் க்ளெரிக். படகுக்காரர்கள் சேர்ந்து கட்டிய புனித பேதுரு கோயிலில் தினமும் மெழுகுவத்தி ஏற்றினாள். அண்ணன் வரவில்லை, ஆனால் அவள் கை வைத்த பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. ஊரே அவளைத் தேடி வருகிறது, அவளுக்கோ சாமி மேல் தீராத கோபம்: கேட்டது ஒன்று, கொடுத்தது ஒன்று. பக்தி பொங்கி வழிகிற க்ளெரிக்கை எல்லாரும் ஆடியாகிவிட்டது, சாமியோடு பேச்சுவார்த்தை இல்லாத க்ளெரிக்கை ஒருமுறை ஆடிப் பாருங்கள்.

யாரையும் நம்பிப் பயனில்லை, இருக்கிறவர்களுக்குச் சோறு போட வேண்டும் என்று முடிவு செய்தாள் என்றால் ரோக். துறைமுகக் கிடங்குகளில் எந்தக் காவலாளி எப்போது தூங்குவான் என்பது தெரியும். இந்த ரோசி அண்ணனைப் பற்றிப் பேசவே மாட்டாள்.

நாலு பேருக்கும் பேக்கிரவுண்ட் ஒன்றேதான், செய்லர். அதிலிருந்து 2014 விதிப்படி வருகிற அத்லெட்டிக்ஸ் (உடல் திறன்), பெர்செப்ஷன் (கூர்ந்து கவனிப்பது) என்கிற ஸ்கில்களும், படகு ஓட்டத் தெரிவதும், நாலு பேருக்கும் பொது, ஏனென்றால் அது அவள் பிறந்த இடம், தேர்ந்தெடுத்தது இல்லை. (க்ளாஸிலிருந்தும் பேக்கிரவுண்டிலிருந்தும் ஒரே ஸ்கில் வந்தால் பதிலுக்கு வேறொன்று எடுத்துக்கொள்ளலாம், பலர் இதைக் கவனிக்காமல் ஒரு ஸ்கில்லை இழக்கிறார்கள்.) நாலு ரோசியும் ஒரே துக்கத்தைச் சுமக்கிறார்கள், ஆனால் ஒரு பூட்டிய கதவுக்கு முன்னால் நிறுத்தினால் நாலு பேரும் நாலு விதமாக நிற்பார்கள். அவரவர் பழக்கம் எது என்று யோசிக்கும்போதே உங்களுக்கு எந்த ரோசி பிடிக்கிறாள் என்பது தெரிந்துவிடும், அதுதான் உங்கள் க்ளாஸ்.

ஒட்டாததை ஒட்ட வைப்பது

பேக்கிரவுண்டையும் க்ளாஸையும் வழக்கமாகச் சேர்க்கும் ஜோடிகள்: சோல்ஜர் ஃபைட்டர், சேஜ் (அறிஞர்) விசார்ட், அகோலைட் (கோயில் ஊழியர்) க்ளெரிக், கிரிமினல் ரோக். இவையெல்லாம் வேலை செய்யும், ஆனால் பின்கதையும் க்ளாஸும் ஒரே விஷயத்தை இரண்டு முறை சொல்வதால் கேட்க வேண்டிய கேள்வியே எழுவதில்லை. சிப்பாயாக இருந்தான், சண்டை போடுகிறான். அப்புறம்?

மாற்றிப் போடுங்கள். அகோலைட் பேக்கிரவுண்டோடு ரோக்: கோயில் மடப்பள்ளியில் வளர்ந்தவன், நகைப் பெட்டிச் சாவி அவனிடம்தான் இருந்தது. கிரிமினல் பேக்கிரவுண்டோடு க்ளெரிக், சேஜ் பேக்கிரவுண்டோடு பார்பேரியன் (கன்னிமாரா நூலகத்தில் வேலை பார்த்த அமைதியான மனுஷன், ஒரு நாள்...). இங்கே ஒரு எச்சரிக்கை. வினோதமாகச் சேர்த்துவிட்டால் மட்டும் சுவாரசியம் வந்துவிடாது. பழைய வாழ்க்கைக்கும் இப்போதைய க்ளாஸுக்கும் நடுவில் ஒரு நாள் இருக்க வேண்டும், அந்த நாளில் அவன் மாறினான் அல்லது மாற்றப்பட்டான். அந்த ஒரு நாளைத்தான் நீங்கள் எழுத வேண்டும், முன்னாலும் பின்னாலும் நடந்ததை ரெண்டு ரெண்டு வரியில் முடித்துவிடலாம்.

2024-இல் வந்த திருத்திய பதிப்பு இதில் ஒரு சின்ன முட்டுக்கட்டை போட்டிருக்கிறது. இப்போது பேக்கிரவுண்ட் 16, ஸ்ட்ரெங்த் மாதிரியான எபிலிட்டி எண்களுக்கு வரும் கூடுதலும் ஒரு ஃபீட்டும் (தனிச் சிறப்புத் திறன்) பேக்கிரவுண்டிலிருந்தே வருகின்றன. செய்லர் எடுத்தால் கூடுதல் ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டெரிட்டி, விஸ்டம் மூன்றில்தான் போடலாம். நம் வார்லாக் ரோசிக்குத் தேவையோ கரிஸ்மா. அவள் படகுக்காரி என்பதற்காகவே மந்திரத்தில் ஒரு படி பின்தங்க வேண்டுமாம். எனக்கு இந்த மாற்றம் பிடிக்கவில்லை, கணக்கு பார்க்கிறவர்கள் எல்லாரையும் பொருத்தமான ஜோடிக்கே தள்ளிவிடுகிறது. என் மேஜையில் எண்களை இஷ்டப்படி மாற்றிக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன், உங்கள் டிஎம்மிடமும் கேட்டுப் பாருங்கள்.

ஃபைட்டர்களுக்காக ஒரு நிமிஷம்

ஃபைட்டர் சலிப்பான க்ளாஸ் என்று சொல்கிறவர்கள் வடசென்னையைப் பார்க்காதவர்கள். இங்கே குத்துச்சண்டையில் பரம்பரைகள் இருந்தன, சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று, ஒவ்வொன்றுக்கும் வாத்தியார், சீடர், பரம்பரைப் பகை. (1914-க்கு இது கொஞ்சம் முந்திக்கொள்கிறது, வரலாற்றுக்காரர்கள் மன்னிக்கவும், எங்கள் ஊரில் பூதமும்தான் இருக்கிறது.) இப்படி ஒரு பரம்பரையிலிருந்து உங்கள் ஃபைட்டர் வருகிறான் என்றாலே கேள்விகள் வரிசையாக வரும். வாத்தியார் யார்? அவருக்குப் பிடித்த சீடன் நீயா, இல்லை இன்னொருத்தனா? கடைசியாகத் தோற்றது யாரிடம், அந்தத் தோல்வி நிஜமா, காசு வாங்கிக்கொண்டு விழுந்ததா? ஏன் இப்போது கூடாரத்தில் இல்லாமல் நாலு அந்நியர்களோடு சுற்றுகிறாய்?

வெறுங்கையால்தான் அடிப்பான் என்றால் விதிப்படி மாங்க் இன்னும் தோது. க்ளாஸ் பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மாங்க் என்று போட்டிருப்பதால் மொட்டையடித்து மலை மேல் மடத்தில் இருந்தவனாக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. சிலம்ப வாத்தியார் மாங்க் ஆகலாம், சபா வாசலில் நின்று கேட்டே பாட்டு கற்றவன் பார்ட் (பாட்டால் மந்திரம் செய்கிறவன்) ஆகலாம். விதிகளை அப்படியே வைத்துக்கொண்டு மேல் தோலை மாற்றிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு எழுத வேண்டும்

அரைப் பக்கம். அதற்கு மேல் எழுதினால் டிஎம் படிப்பதாகத் தலையாட்டுவார், படித்திருக்க மாட்டார். அந்த அரைப் பக்கத்தில் உயிரோடு இருக்கிற ஓர் ஆள் வேண்டும், பெயரும் தெருவும் உள்ள ஆள். எல்லாரையும் கொன்றுவிட்டு அனாதையாக வருவது டிஎம்முக்கு எந்தப் பிடியும் கொடுக்காமல் இருக்கிற தந்திரம், புரிகிறது, முன்பு எந்த மேஜையிலோ உங்கள் அம்மா கேரக்டரை யாரோ கடத்தியிருப்பார்கள். இருந்தாலும் ஓர் ஆளையாவது விட்டுவையுங்கள். கூடவே உங்களுக்கே விடை தெரியாத ஒரு கேள்வியும் இருக்கட்டும், அதை டிஎம் பார்த்துக்கொள்வார்.

பெரிய சாகசத்தைப் பின்கதையில் செலவழித்துவிடாதீர்கள். 300 அனுபவப் புள்ளியில் லெவல் 2, 900-இல் லெவல் 3, சீக்கிரம் வந்துவிடும். பாலடினின் சபதம் லெவல் 3-இல்தான் வருகிறது. 2024 பதிப்பில் எல்லா க்ளாஸுக்கும் சப்க்ளாஸ் (க்ளாஸுக்குள் உள்ள உட்பிரிவு, பாலடினுக்கு அது சபதம்) லெவல் 3-இல்தான். ஆகவே முதல் இரண்டு லெவலில் உங்கள் பாலடின் இன்னும் சபதம் எடுக்காதவர். எதைப் பார்த்தால் எடுப்பார் என்பதை மட்டும் யோசித்து வைத்துக்கொண்டு, எடுக்கிற இடத்தை மேஜைக்கு விட்டுவிடுங்கள். நாலு பேர் பார்க்க நடக்கும் சபதத்துக்கு இருக்கிற மதிப்பு வீட்டில் தனியாக எழுதிக்கொண்டு வந்த சபதத்துக்கு வராது. நடத்துகிறவர்களுக்கும் இதுவே: லெவல் 2-இன் நடுவிலேயே சப்க்ளாஸ் எதுவென்று கேட்டு வைத்துக்கொண்டால் அதற்கான சம்பவத்தை நீங்கள் முன்கூட்டியே நடத்திவிடலாம்.

மேஜையில் மற்றவர்களோடும் ஒரு முடிச்சு வேண்டும். 2012-இல் வந்த டன்ஜன் வேர்ல்ட் என்கிற ஆட்டத்தில் ஒவ்வொரு க்ளாஸுக்கும் கோடிட்ட இடத்தை நிரப்பும் வாக்கியங்கள் இருக்கும், உங்கள் பக்கத்தில் இருக்கிறவரின் பெயரை அதில் போட வேண்டும். அதை டிஎன்டிக்கும் இறக்கிக்கொள்ளலாம், நாங்கள் செய்கிறோம். "நான் திருடியதை ___ பார்த்துவிட்டார், ஆனால் யாரிடமும் சொல்லவில்லை" என்று ரோக் எழுதுவார். "___ க்காக நான் வேண்டிக்கொள்வதை அவர் வெறுக்கிறார்" என்று க்ளெரிக் எழுதுவார். ஒவ்வொருவரும் ஒரு வாக்கியம், தன் க்ளாஸ் செய்கிற காரியத்திலிருந்தே. பத்து நிமிஷ வேலை, முதல் செஷனில் "நாங்க எல்லாரும் ஒரு சாராயக்கடையில சந்திச்சோம்" என்று ஆரம்பிக்கிற அவஸ்தை மிச்சம்.

வேறு ஆட்டங்களில்

க்ளாஸே இல்லாத ஆட்டங்கள் நிறைய. 1981-இல் வந்த கால் ஆஃப் கத்துலுவில் தொழில்தான் எல்லாம், வக்கீலா பத்திரிகைக்காரரா என்பதைப் பொறுத்து ஸ்கில் புள்ளி வரும், ஆக பின்கதையும் திறமையும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. அதன் ஏழாம் பதிப்பில் நீங்கள் எழுதிய பின்கதை வரியையே, உங்கள் ஆளுக்குப் புத்தி பேதலிக்கும்போது நடத்துகிறவர் திருகி மாற்ற முடியும், எனக்கு மிகப் பிடித்த விதி. 1977-இன் டிராவலரில் நாலு நாலு வருஷமாக டைஸ் போட்டு வாழ்க்கையை உருட்ட வேண்டும், ஆட்டம் தொடங்கும் முன்பே ஆள் செத்துப்போகவும் வாய்ப்புண்டு. 1986-இன் வார்ஹேமரில் எலி பிடிக்கிறவராக ஆரம்பிக்கலாம், சொத்து என்று சின்னதாக, ஆனால் கடிக்கிற ஒரு நாய் கிடைக்கும். அந்த நாய் ஒன்றே நாலு பக்கப் பின்கதைக்குச் சமம்.

நடுவில் இன்னொரு க்ளாஸ் சேர்ப்பது

கடைசியாக மல்டிக்ளாஸ். 2014 விதிப்படி இரண்டு க்ளாஸுக்கும் உரிய எபிலிட்டியில் 13 இருந்தால் இன்னொரு க்ளாஸில் லெவல் எடுக்கலாம், எண்ணளவில் அவ்வளவுதான் தடை. ஆனால் நேற்றுவரை ஃபைட்டராக இருந்தவர் இன்று காலை எழுந்து வார்லாக் என்றால் மேஜையில் மற்றவர்கள் சிரிப்பார்கள். இங்கே பின்கதையைத் தோண்ட வேண்டாம், ஆட்டத்தில் ஏற்கனவே நடந்ததைத் தோண்டுங்கள். போன மாதம் கிணற்றுக்குள் விழுந்து டெத் சேவ் (உயிர் பிழைப்பாரா என்று பார்க்கும் டைஸ்) உருட்டினீர்களே, அப்போது கீழே யாரோ பேசினார்கள் என்று வைத்துக்கொள்ளலாமா? இதை லெவல் ஏறுகிற அன்றைக்கு மேஜையில் உட்கார்ந்துகொண்டு கேட்காதீர்கள். ஒரு செஷன் முன்னாலேயே டிஎம்முக்கு வாட்ஸாப்பில் தனியாகச் செய்தி போட்டுவிடுங்கள், குரூப்பில் வேண்டாம், மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். அவர் அதற்குள் அந்தக் கிணற்றில் ஏதாவது போட்டு வைத்திருப்பார்.